உடலும் உரிமையும்

நுழையும்முன்

உடலில் விழும் அடி மட்டுந்தான் வன்முறையா? பெயரிடப்படாத துன்பம் ஊர்வழக்கமாகவே நிலைத்துவிடுகிறது. அதற்குப் பெயரிட்டு, நீதி கேட்க வழிவகுத்தது பெண்ணியத்தின் பெரும்பணி. பட்டாசுத் தொழில் சார்ந்த பெண்களின் வாழ்வை முன்வைத்து இப்பாடம் அதனை விளக்குகிறது.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ஆகியவை விருதுநகர் மாவட்டத்தின் மழை குறைந்த நிலப்பகுதிகள். வேளாண்மை பொய்த்த இடத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் வாழ்வளித்தன. திரி செருகுதல், சரம் பின்னுதல், தாள் ஒட்டுதல் முதலிய பணிகளில் பெண்கள் பெருமளவில் ஈடுபடுகின்றனர். செய்து முடிக்கும் எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெறுவோருக்கு விரலின் விரைவே வருமானம்; உடல்நோவுக்காகச் சற்று ஓய்ந்தாலும் கூலி குறையும்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நாடே அதனை அறிந்தது. ஆனால், வாரக்கூலியைப் பறிக்க வீட்டில் ஓங்கப்படும் கையும், வேலையிடத்தில் கூசவைக்கும் சொல்லும் வெளியே தெரிவதில்லை.

பெண்ணின் உடல் எவருக்கு உரியது? தந்தைக்கோ கணவருக்கோ முதலாளிக்கோ அன்று. அவருக்கே உரியது என்பது பெண்ணியம் தரும் விடை. உழைப்பின் பயனும் அவருக்கே உரியது. பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டுமெனச் செங்கல்பட்டு மாநாட்டில் 1929இல் தீர்மானித்த சுயமரியாதை இயக்கம், 1931இல் தன் மாகாண மாநாட்டை விருதுநகரிலேயே நடத்தியது.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், அடிப்பதை மட்டுமன்றிப் பாலியல் கொடுமை, இழிசொல், பொருளாதாரச் சுரண்டல் ஆகியவற்றையும் வன்முறை என்கிறது. எனவே, மனைவியின் கூலியைப் பறிப்பதும் சட்டப்படி முறையிடத்தக்க வன்முறையே.

இராசத்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற சமூகப் பணியாளர் ஒருவர் 1992இல் கொடுமைக்குள்ளானார். அதனையொட்டிப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில், பணியிடப் பாதுகாப்புக்கான நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 1997இல் வகுத்தது. 2013இல் அது சட்டமாயிற்று. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகப் புகார்க்குழு இருத்தல் வேண்டும். அதனினும் சிறிய கூடத்தில் உழைப்பவரும், முதலாளி மீதே புகார் கூறுபவரும் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவை அணுகலாம். நிகழ்ந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் புகார் அளித்தல் வேண்டும். 181 என்னும் உதவி எண்ணும் துணைநிற்கிறது.

எனினும், புகார் அளிக்கச் செல்லும் நாளில் அப்பெண்ணுக்குக் கூலி கிடைக்காது. அந்த ஒருநாள் இழப்புக்கு அஞ்சி அவர் வாய்மூடி இருக்க நேர்ந்தால், ஏட்டிலுள்ள உரிமை அவரை வந்தடையவில்லை என்பதே பொருள். பெண்ணின் உடற்பாதுகாப்பையும் கூலிப்பாதுகாப்பையும் பிரித்துப் பார்த்தல் இயலாது.