குடலின் உட்சுவர் தன்னைப் புதுப்பிக்கும் விதம்



பாலோ சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இன்று செம்பனையே மிகுதி. ஆயினும் உங்கள் தாத்தா பாட்டியருள் பலர் இரப்பர் மரம் வெட்டியவர்களே. பால்வெட்டில் தேர்ந்த ஒருவரிடம், மரத்திற்குக் காயம் படுவது என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். கத்தி பட்டையை மட்டும் சீவினால், சில ஆண்டுகளில் அங்கே புதுப்பட்டை வழவழப்பாக வளர்ந்துவிடும். மீண்டும் அதிலேயே பால் வெட்டலாம். கத்தி சற்று ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டுவிட்டாலோ, அவ்விடம் முண்டும் முடிச்சுமாகிப் போகும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய படலம் ஒன்று உண்டு. புதுப்பட்டையை ஈன்று தருவது அதுவே. அது தப்பினால் மரம் ஆறும். அது அறுபட்டால் மண்டோரின் ஏச்சுத்தான் மிச்சம்.

நம் வயிற்றினுள்ளும் ஏறக்குறைய இதே நியதி நிலவுகின்றது என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதலானேன்.

வளர்ந்த மனிதரின் சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளமுடையது. அதன் உட்புறம் தண்ணீர்க் குழாயைப் போல் வழவழப்பானதன்று. குளித்துத் துவட்டும் பூந்துவாலையைப் போன்றது. ஒரு மில்லிமீட்டர் உயரமும் தேறாத எண்ணற்ற நுண்விரல்கள் அதில் அடர்ந்து நிற்கின்றன. இவற்றுக்குக் குடலுறிஞ்சிகள் என்று பெயர். இவற்றையெல்லாம் விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 30 சதுர மீட்டர், அதாவது ஒரு சிறிய வகுப்பறையின் தரையளவு இருக்கும். இத்துணைப் பரப்பையும் மூடியிருப்பது ஒற்றை உயிரணுவின் கனமே உடைய மெல்லிய போர்வையாகும். உணவின் சத்தை உள்ளே விடுவதும், கிருமியை வெளியே நிறுத்துவதும் அதன் கடமைகள்.

இப்போர்வை கிழிந்தால் என்ன நிகழும்? சிறு கீறலாயின், அருகிலுள்ள அணுக்கள் தம்மைத் தட்டையாக்கிக்கொண்டு நகர்ந்து வந்து வெற்றிடத்தை மூடிவிடுகின்றன. ஒருவர் வேலைக்கு வராத நாளில் பக்கத்து நிரைக்காரர் அவருடைய மரங்களையும் சேர்த்து வெட்டுவாரே, அதைப் போன்றது இது. புது அணு பிறக்கும் வரை காத்திருப்பதில்லை. சில மணி நேரத்திற்குள் வேலை முடிந்துவிடும்.

பெரிய சேதத்திற்கு இது போதாது. புதிய அணுக்கள் வேண்டும். குடலுறிஞ்சிகளின் அடிவாரத்தில் சிறு சிறு குழிகள் உள்ளன. அக்குழிகளின் ஆழத்தில் குருத்தணுக்கள் இருக்கின்றன. செம்பனையின் நடுக்குருத்து ஓயாமல் மட்டைகளை ஈனுவது போல, இவை ஓயாமல் பிளந்து புதிய அணுக்களை ஈனுகின்றன. புதியவை பழையவற்றை மேல்நோக்கித் தள்ளும். பழையவை குடலுறிஞ்சியின் உச்சியை அடைந்ததும் உதிர்ந்துவிடும். பிறப்பு முதல் உதிர்வு வரை 3 முதல் 5 நாள்களே. சென்ற வாரம் நீங்கள் உண்ட தோசையைச் செரித்த அணுக்களுள் பெரும்பாலானவை இன்று உங்களிடம் இல்லை! இவ்வாறு குடற்போர்வை இடையறாது புதுப்பிக்கப்படுகிறது என்பதைக் கனடா நாட்டின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெப்லாண்டும் ஸ்டீவன்சும் வெள்ளெலிகளை ஆராய்ந்து 1948இல் எடுத்துரைத்தனர்.

இவ்வளவு விரைவாகப் புதுப்பிக்கப்படும் உறுப்பு ஆறாமற் போவதும் உண்டோ? உண்டு என்பதைக் காட்டியது தமிழ்நாடே.

நம்மவருள் பலரின் முன்னோர் கப்பலேறிப் புறப்பட்ட மாவட்டங்களுள் வட ஆர்க்காடும் ஒன்று. 1960ஆம் ஆண்டையொட்டி அம்மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு கொடிய வயிற்றுநோய் பரவியது. ஓரிரு நாளில் நிற்க வேண்டிய வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடித்தது. உண்டது உடலில் ஒட்டவில்லை. வாய் புண்ணாயிற்று, இரத்தம் சோகையுற்றது, உடல் எலும்புக்கூடாயிற்று. மாண்டோர் பலர். வெப்பமண்டல ஸ்புரூ என்று மருத்துவர் இதனை அழைத்தனர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆஸ்திரேலிய மருத்துவர் செல்வின் பேக்கரும், வி. ஐ. மாத்தனும், அவர்தம் குழுவினரும் ஊர் ஊராகச் சென்று இந்நோயை ஆராய்ந்தனர்.

உயிரோடிருப்பவரின் குடலுக்குள் பார்ப்பது எவ்வாறு? மெல்லிய குழாயின் நுனியில் பொருத்திய சிறு உலோகக் குமிழை நோயாளி விழுங்குவார். அது சிறுகுடலை அடைந்ததும் குழாய் வழியே காற்றை உறிஞ்ச, குமிழினுள் இருக்கும் கத்தி சுழன்று ஒரு துணுக்கை நறுக்கிக்கொள்ளும். பின்னர்க் குமிழை வெளியே இழுத்துத் துணுக்கை நுண்ணோக்கியில் காண்பர். நினைக்கவே தொண்டை அடைக்கிறது; அக்கிராமத்து மக்கள் பொறுத்துக்கொண்டனர்.

நோயாளிகளின் குடலுறிஞ்சிகள் குட்டையாகி, மழுங்கிப் போயிருந்தன. பின்னாளில் மின்னணு நுண்ணோக்கியால் உற்று நோக்கியபோது, குழிகளின் ஆழத்திலிருக்கும் குருத்தணுக்களிலும் சேதத்தின் அறிகுறிகள் தெரிந்தன. அதாவது கத்தி பட்டையோடு நிற்கவில்லை. ஈனும் இடத்தையே தீண்டிவிட்டது. நோய் ஏன் மாதக்கணக்கில் நீடித்தது என்பதற்கு இஃது ஒரு விடையாக அமைந்தது.

ஸ்புரூ நோய்க்குத் தரப்பட்ட மருந்துகளுள் ஃபோலிக் அமிலம் முதன்மையானது. அணு இரண்டாகப் பிளக்க வேண்டுமாயின் இச்சத்து இன்றியமையாதது. இதன் வரலாற்றிலும் இந்தியாவிற்குப் பங்குண்டு. பம்பாயில் சோகை நோயுற்ற கர்ப்பிணித் தொழிலாளப் பெண்களை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர், ஈஸ்ட் சாறு அந்நோயைக் குணப்படுத்துவதை 1931இல் வெளியிட்டார். அந்தச் சாறு வேறொன்றுமன்று. நம் கடைகளில் விற்கும் மார்மைட்டே. அதில் அடங்கியிருந்த சத்துத்தான் பிற்பாடு ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது.

வேலூர்க் குழுவினர் மற்றொன்றையும் கண்டனர். எந்த நோயும் இல்லாத கிராமத்தாரின் குடலுறிஞ்சிகளும் மேலைநாட்டாருடையவற்றைவிடக் குட்டையாகவே இருந்தன. இது இனத்தின் இயல்போ என்று ஐயுற்றவரும் உண்டு. 1971இல் வெளியான ஆய்வுகள் அவ்வையத்தைத் தீர்த்தன. நியூயார்க்கில் குடியேறி வாழ்ந்த இந்தியர், பாக்கிஸ்தானியர் ஆகியோரின் குடல் காலப்போக்கில் சீரடைந்திருந்தது. தென்னாசியாவில் பணியாற்றும்போது பழுதுற்ற அமெரிக்க அமைதிப்படைத் தொண்டர்களின் குடலும் நாடு திரும்பியபின் தேறியது. ஆகவே பழுது பிறப்பில் இல்லை. நீரிலும், நிலத்திலும், கழிவறை இல்லாத சூழலிலும் இருந்தது. கிருமிகள் நாள்தோறும் சுரண்டிக்கொண்டிருந்தால் குருத்தணுக்கள் எத்துணை உழைத்தாலும் ஈடுகொடுக்க இயலாதன்றோ? இக்கருத்தையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

குருத்தணுக்களை ஐயத்திற்கிடமின்றி அடையாளம் காண 2007 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் அதைச் செய்தனர். 2009இல் அதே ஆய்வுக்கூடத்தில் சாட்டோ என்னும் ஜப்பானிய அறிஞர், ஒரே ஒரு குருத்தணுவிலிருந்து குழிகளோடு கூடிய குட்டிக் குடலைக் கிண்ணத்தில் வளர்த்துக் காட்டினார். பெருங்குடல் புண்ணால் வருந்திய ஒருவருக்கு, அவருடைய குடலின் நல்ல பகுதியிலிருந்து எடுத்து வளர்த்த இத்தகைய அணுக்களை டோக்கியோ மருத்துவர்கள் 2022இல் பொருத்தினர்.

இனி நம் வீட்டிற்கு வருவோம். குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கிற்கு ரோட்டா என்னும் நச்சுயிரி ஒரு பெருங்காரணம். அது குடலுறிஞ்சிகளின் மேற்பகுதி அணுக்களையே பெரிதும் அழிக்கிறது, குழிகள் தப்பிவிடுகின்றன. எனவே சில நாள்களில் புதுப்போர்வை ஏறிவிடும். அதுவரை உடலில் நீர் வற்றாமல் காப்பதே முதல் வேலை. ஒரு லிட்டர் தூய நீரில் 6 சமமட்டத் தேக்கரண்டிச் சீனியும், அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து சிறிது சிறிதாகக் கொடுப்பர். இதனோடு 10 முதல் 14 நாள் துத்தநாகச் சத்தும் தர வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2004இல் பரிந்துரைத்தன. குருத்தணு பிளப்பதற்குத் துத்தநாகமும் தேவை. உணவை நிறுத்தலாகாது என்பதும் அறிவுரையின் ஒரு பகுதியே.

நான் மூன்றாம் ஆண்டு பயின்றபோது என் தம்பிக்கு இந்நோய் கண்டது. தோட்டத்து டிரசர் உப்புநீர்ப் பொட்டலம் கொடுத்தார். குடலுக்கு ஓய்வு வேண்டும், பட்டினி போடுங்கள் என்றார் என் தந்தை. லயத்தில் எல்லாரும் அவ்வாறே செய்தனர். பாட்டி ஒருவர்தாம் கேட்கவில்லை. நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, உப்பிட்டு, மணிக்கொரு முறை ஊட்டினார். செரிக்காமல் பெருங்குடலை அடையும் மாவுப்பொருள் அங்கு வாழும் நுண்ணுயிர்களால் கொழுப்பமிலங்களாக மாறி, குடலணுக்களுக்கே உணவாகிறது என்பதும், உப்புநீரோடு அத்தகைய சோளமாவைச் சேர்த்துக் கொடுத்தபோது காலரா நோயாளிகள் விரைவில் தேறினர் என்று வேலூரின் இராமகிருஷ்ணா குழுவினர் 2000இல் வெளியிட்டதும் பாட்டி அறியாதவை. அவர் அதற்கு முன்பே மறைந்துவிட்டார்.

நான்காம் நாள் தம்பி எழுந்து அஞ்சடியில் வந்து அமர்ந்தான். இன்னும் கொஞ்சம் கஞ்சி வேண்டும் என்றான்.