ஞானப் பல் பிடுங்கிய பின்னர் வீட்டில் கவனிக்க வேண்டியவை

கடைவாயின் கோடியில் மேலும் கீழுமாக முளைக்கும் நான்கு பற்களை ஞானப் பற்கள் என்கிறோம். 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில், அதாவது விவரம் தெரிந்த பருவத்தில் அவை பெரும்பாலும் வெளிவருவதால் அப்பெயர் ஏற்பட்டது. தாடையில் இடம் போதாதவர்களுக்கு அவை சாய்ந்தோ, ஈறுக்குள் பாதி புதைந்தோ நின்று வீக்கத்தையும் சீழையும் உண்டாக்குகின்றன. அவற்றை அகற்றுவது பல் மருத்துவரின் பணி. அகற்றிய இடம் ஆறுவதோ நமது லயத்து வீட்டில்தான் நடைபெற வேண்டும்.

நாம் ஒரு தோட்டத்திற்குச் சுகாதார உரை நிகழ்த்தச் சென்றிருந்தபோது பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் தம் அனுபவத்தைக் கூறினார். பல்லைப் பிடுங்கிய அன்று அவருக்கு வலியே இல்லை. வீடு திரும்பியதும் சிகரெட் பற்ற வைத்தார். வாயில் இரத்தச் சுவை தெரிந்ததால் நான்கைந்து முறை நன்றாகக் கொப்புளித்துத் துப்பினார். ஒரு நாள் சம்பளம் போகிறதே என்று மறுநாள் விடியற்காலையிலேயே பெரட்டுக்களத்தில் போய் நின்றார். நான்காம் நாள் இரவு காது குடைவது போன்ற வலி கண்டது. காதில்தான் நோய் என்று எண்ணி வீட்டார் எண்ணெய் காய்ச்சி ஊற்றினர். வலியோ மேலும் மிகுந்தது. இறுதியில் பல் மருத்துவரிடமே சென்றார். பல் இருந்த குழி வெறுமையாகக் கிடந்தது. உள்ளே எலும்பு தெரிந்தது.

அவர் எங்கே தவறினார் என்பதைப் பால்மரத்தைக் கொண்டே விளக்கலாம். மரத்தைச் சீவியதும் பால் வடிகிறது. சில மணி நேரம் சென்றபின் வெட்டுக் கோட்டின் மீது பால் உறைந்து ஒட்டுப்பாலாகிப் பட்டையை அடைத்துக் கொள்கிறது, வடிதல் நின்றுவிடுகிறது. பல் பிடுங்கிய குழியிலும் இதைப் போன்றே இரத்தம் உறைந்து அடைப்பாக நிற்கிறது. அதன் அடியில்தான் புதுத் தசை வளரும். அடியிலுள்ள எலும்பையும் நரம்பையும் மூடிக் காப்பதும் அந்த இரத்தக்கட்டியே. காலையில் நாம் ஒட்டுப்பாலை உரித்தெடுத்துவிட்டுப் புதிதாகச் சீவுகிறோம். மரத்துக்கு அது சரி. வாயில் உள்ள அடைப்பை உரிக்கவே கூடாது. கொப்புளிப்பது, துப்புவது, உறிஞ்சுவது, புகைப்பது ஆகிய நான்கும் அதை உரித்துவிடக் கூடியவை.

முதல் நாளைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவோம். மருத்துவர் வைத்த பஞ்சுத் துணியை அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை அழுத்திக் கடித்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்திற்கொரு முறை எடுத்துப் பார்ப்பது நம்மவரிடம் உள்ள பழக்கம். அப்படிப் பார்த்தால் இரத்தம் உறையாது. உமிழ்நீர் இளஞ்சிவப்பாக வருவது முதல் நாளில் இயல்பே. அதைத் துப்பாமல் விழுங்கிவிடலாம். இரத்தம் மீண்டும் பெருகினால் தூய துணியை மடித்து வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, மேலும் அரைமணி நேரம் கடிக்கலாம். நனைத்துப் பிழிந்த தேயிலைப் பையும் இதற்கு உதவும். தேயிலையின் துவர்ப்புக்கு இரத்தத்தைக் கட்டும் தன்மை உண்டு.

மரத்துப்போன உதடும் நாக்கும் உணர்வு பெறச் சில மணி நேரம் ஆகும். அதுவரை சூடான காப்பி வேண்டாம். வாய் வெந்தாலும் தெரியாது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் மீது 15 அல்லது 20 நிமிடம் வைப்பதும், பின் அதே அளவு நேரம் எடுத்துவிடுவதுமாக அன்று முழுவதும் செய்து வந்தால் வீக்கம் மட்டுப்படும். இரவில் இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுப்பது நன்று.

வலிக்கு மருத்துவர் தந்த மாத்திரையை மரத்தல் முற்றிலும் நீங்குமுன்னரே விழுங்கிவிட வேண்டும். பாரசிட்டமோல் கொடுக்கப்பட்டிருந்தால், பெரியவர்கள் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டினை நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு ஒரு முறை கொள்ளலாம். 24 மணி நேரத்தில் எட்டு மாத்திரைகளுக்கு மேல் கூடாது. ஆஸ்பிரின் இரத்தத்தை உறைய விடாது. ஆகவே வலிக்காக அதனை நாடலாகாது. மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் வைப்பாரும் உளர். ஈறு வெந்துபோவதைத் தவிர அதனால் வேறு பயன் இல்லை. இருதய நோய்க்காக நாள்தோறும் ஆஸ்பிரின் உண்பவரும் நீரிழிவு உள்ளவரும் அதனைப் பல் எடுக்குமுன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது.

24 மணி நேரம் கழிந்தபின் உப்புநீரைத் தொடங்கலாம். ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போதும். வாயில் வைத்துத் தலையை மெல்ல இருபுறமும் சாய்த்து, பின் வாயைத் திறந்து நீரைத் தானாகவே விழ விட வேண்டும். உணவுக்குப் பின் ஒவ்வொரு முறையும் இவ்வாறு செய்க. மற்றப் பற்களை வழக்கம் போல் துலக்கலாம்.

உணவு நம் வீட்டிலேயே உண்டு: ஆறிய கஞ்சி, குழைந்த சோறும் பருப்பும், அவித்த முட்டை, வாழைப்பழம். முறுக்கும் வேர்க்கடலையும் ஒரு வாரம் பொறுக்கட்டும். கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் பானத்தைக் குழாய் வைத்து உறிஞ்சாமல் குவளையில் ஊற்றிக் குடிக்க வேண்டும். கள்ளும் சம்சுவும் கூடா. புகைப்பவர் குறைந்தது மூன்று நாட்களேனும் நிறுத்த வேண்டும். ஒரு வாரமாயின் மிக நன்று. வெற்றிலை, பாக்கு, புகையிலையைப் புண் ஆறும்வரை தொடக்கூடாது என்றால் நம் பாட்டிமார்களுக்குக் கோபம் வருகிறது. பாக்கே வாய்ப் புற்றுக்குக் காரணமாவதை மருத்துவ உலகம் உறுதி செய்துள்ளது என்பதையும் அவர்களிடம் இச்சந்தர்ப்பத்தில் சொல்லி வைக்கலாம்.

இனி வேலை. குனிந்து தாழ்ந்த பட்டையைச் சீவும்போதும், பால் நிறைந்த வாளியைத் தூக்கும்போதும் தலைக்கு இரத்தம் ஏறும். உறைந்தது கசியத் தொடங்கும். ஆகவே இரண்டு மூன்று நாட்களுக்கு அத்தகைய வேலை ஆகாது. சம்பளத்தை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. பல் மருத்துவர் தரும் விடுப்புச் சீட்டையும் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் ஏற்கிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைவாகப் பணி செய்தவருக்கு ஆண்டில் 14 நாளும், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குட்பட்டவருக்கு 18 நாளும், அதற்கு மேற்பட்டவருக்கு 22 நாளும் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. ஆனால் விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் நிர்வாகத்திற்குத் தெரிவித்தாக வேண்டும். சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வாரக் கடைசியில் கிராணியிடம் நீட்டினால் வேலைக்கு வராதவராகவே கருதப்படலாம்.

வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தை அடைந்து பின்னர் வடியும். வாயை முழுதும் திறக்க முடியாமையும் அவ்வாறே மெல்ல நீங்கும். குறைந்து வந்த வலி மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் திடீரென மிகுந்து காதுவரை பரவினால், வாயில் கெட்ட நாற்றமும் வீசினால், முன்னர்க் கூறிய தொழிலாளிக்கு நேர்ந்ததே நேர்ந்துள்ளது எனக் கொள்ளலாம். இதற்கு வீட்டு வைத்தியம் இல்லை. மருத்துவர் குழியைக் கழுவி மருந்திட்ட துணி வைத்தால் வலி விரைவில் தணியும். கடித்தும் நிற்காத இரத்தம், காய்ச்சல், மூன்றாம் நாளுக்குப் பின்னும் பெருகும் வீக்கம், மறுநாளும் நீங்காத உதட்டு மரப்பு ஆகியவற்றுக்கும் தாமதமின்றிச் செல்ல வேண்டும். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் கண்டால், நள்ளிரவானாலும் நேரே பெரிய மருத்துவமனைக்கே போக வேண்டும்.

நாம் சந்தித்த அத்தொழிலாளிக்கு மருந்துத் துணியை மூன்று முறை மாற்றினார்கள். காப்பாற்ற எண்ணிய ஒரு நாள் சம்பளத்திற்காக அவர் இழந்தது ஆறு நாள் வேலை.