பின் சஸ்பென்ஷனில் கை வைக்கும் முன்

‘பின்பக்கத்தை நல்லா டைட் பண்ணிக் கொடுங்கண்ணா’ என்று ஸ்விஃப்ட்டையும் போலோவையும் கொண்டுவந்து நிறுத்தும் தம்பிகள் கோவையில் நிறைய. ஆசையில் தவறில்லை. முன்சக்கரம் இழுக்கும் காரில் பின்பக்கத்தை அளவாகத் திருத்தினால், வளைவில் மூக்கு வெளியே ஓடுவது குறையும். அளவு மீறினால் வால் முந்திக்கொள்ளும். தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இந்த வரிசை. இதை முன்பின்னாக மாற்றாதீர்கள்.

1. வண்டியைத் தூக்கி, அடியில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இந்தக் கார்களில் இருப்பது டார்ஷன் பீம். இரண்டு பின்சக்கரங்களின் கைகளையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் அது. ஒரு சக்கரம் மட்டும் மேடேறினால், ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொள்ளும். 1974-ல் வந்த முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காலத்திலிருந்து சின்னக் கார்களில் நிலைத்துவிட்டது. அந்த முறுக்கமே ஆன்ட்டி ரோல் பாரின் வேலையில் ஒரு பங்கைச் செய்துவிடுகிறது. மல்டிலிங்க் இல்லையே என்று வருந்த வேண்டாம்.

2. டயரும் காற்றும் சரியில்லாத வண்டியில் சஸ்பென்ஷனைப் பற்றிப் பேசவே கூடாது. கதவோரத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி, வண்டி குளிர்ந்திருக்கும்போது காற்றுப் பிடியுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். பழசாகிக் காய்ந்த டயரை மாற்றச் சொல்லுங்கள்.

3. அடுத்து ஷாக் அப்சார்பர். பின் டயரைச் சுற்றி உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால், அந்த டயர் ரோட்டில் நிற்காமல் துள்ளியிருக்கிறது. ஷாக்கின் உடம்பில் எண்ணெய் கசிந்து, அதில் மண் ஒட்டிக் கறுத்திருக்கும். பாதிப் பேருக்குத் தேவைப்படுவது புது ஸ்பிரிங் அல்ல, இரண்டு நல்ல ஷாக். அவர்களிடம் அதை நேராகச் சொல்லி அனுப்புங்கள்.

4. புஷ் மாற்றும் வேலையில்தான் கைத்திறன் தெரியும். பீமின் முன்முனையில் இருக்கும் ரப்பர் புஷ், உள்ளும் வெளியும் இரும்போடு ஒட்டியது. அது சுழலாது, முறுக்கிக்கொள்ளத்தான் செய்யும். வண்டி லிஃப்ட்டில் தொங்கும்போதே போல்ட்டை முழு டைட் செய்தால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். வண்டி நின்றாலும் ஓடினாலும் அதற்கு ஓய்வில்லை, சீக்கிரமே கிழிந்துவிடும். ஆகவே போல்ட்டைக் கையால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகு டார்க் ரெஞ்ச்சால் முடியுங்கள். பாலியூரித்தேன் புஷ் போடச் சொன்னால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். சில கார்களில் இந்தப் புஷ்ஷைச் சாய்வாக வைத்திருப்பார்கள். பக்கவாட்டு விசையில் பின்சக்கரங்கள் தவறான பக்கம் திரும்பாமல் காப்பதற்கான ஏற்பாடு அது. கல்லுபோன்ற புஷ் அந்த நெகிழ்வைக் கெடுத்துவிடும்.

5. ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கும்போது காரில் யார் உட்காருவார்கள் என்று கேளுங்கள். முன்பக்கத்தின் எடை பெரிதாக மாறாது, எஞ்சின் எப்போதும் அங்கேதான். பின்பக்கம் அப்படியில்லை. ஒருநாள் ஓட்டுகிறவர் மட்டும், மறுநாள் மூன்று பேரும் பழனிக்குப் போகும் மூட்டைகளும். எல்லா எடைக்கும் பொருந்தும் கடினம் என்று ஒன்று கிடையாது, எதற்கு முதலிடம் என்பதை உரிமையாளர் சொல்லட்டும்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. 2.45 மீட்டர் சக்கர இடைவெளி உள்ள ஸ்விஃப்ட் மணிக்கு 36 கிலோமீட்டரில் போனால், முன்சக்கரம் ஏறிய மேட்டில் பின்சக்கரம் ஏறக் கால் நொடி ஆகும். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் ஆடினால், இந்தத் தாமதத்தால் ஒன்று எழும்போது மற்றது தாழ்ந்து வண்டி ஊஞ்சலாடும். பின் ஸ்பிரிங் சற்று வேகமாக ஆடினால், தாமதத்தை ஈடுகட்டி முன்பக்கத்தோடு சேர்ந்துகொள்ளும். 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த மாரிஸ் ஓலி, எடைகளை முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய ஒரு சோதனைக் காரை ஓட்டி இதை நிலைநாட்டினார். முன் ஸ்பிரிங்கை மட்டும் கடினமாக்கிப் பின்னதை அப்படியே விட்டால், இந்தப் பொருத்தம் போய்விடும்.

6. ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். கேஸ் வெல்டிங் சூட்டில் கம்பியின் பதம் போகும். சக்கரம் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவும். சுருள்களுக்கு நடுவே திணிக்கும் ரப்பர் பஃபரும் வேண்டாம். அது சில சுருள்களை வேலை செய்யவிடாமல் கட்டிப்போடுகிறது, அவ்வளவுதான்.

7. ஆன்ட்டி ரோல் பார் கடைசியில். வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு எடை மாறியே தீரும். மொத்தம் எவ்வளவு என்பதைக் காரின் உயரமும் அகலமும் வேகமும் முடிவு செய்கின்றன. அதில் முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பது மட்டுமே பாரின் வேலை. டயரில் எடை கூடும் அளவுக்குப் பிடிப்பு கூடாது. ஆகவே எந்த ஜோடியில் எடை அதிகம் மாறுகிறதோ அந்த ஜோடி பிடிப்பை இழக்கும். பின்பக்கம் கடினமானால் பின்பிடிப்பு குறைந்து, முன்சக்கரங்களுக்கு நிம்மதி கிடைக்கும். கார் வளைவுக்குள் திரும்புவது இதனால்தான். பின்னுக்குப் புதிதாக எந்தப் பிடிப்பும் வந்துவிடவில்லை என்பதை உரிமையாளருக்குப் புரியவையுங்கள்.

பாரின் விறைப்பு விட்டத்தின் நான்காம் படியில் ஏறும். 20 மில்லிமீட்டரை 22 ஆக்கினால் 46 சதவீதம் கூடிவிடும். கண்ணுக்குத் தெரியாத இரண்டு மில்லிமீட்டர் அது.

8. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காய்ந்த ரோட்டில் நன்றாக இருந்தது என்று சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். மேட்டுப்பாளையத்துக்கு மேலே, ஐப்பசி மழையில், இறக்கத்தில் ஒருவர் வளைவுக்குள் பயந்து ஆக்ஸிலரேட்டரை விடுவார். எடை முன்னால் ஓடும், ஏற்கெனவே பிடிப்பைக் குறைத்து வைத்திருக்கும் பின்பக்கம் வழுக்கும். அந்த நொடியில் திருப்பிப் பிடிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். மனைவியும் பிள்ளைகளும் ஏறும் கார் என்றால் பார் போட மறுத்துவிடுங்கள். எல்லையைத் தொட்டுப் பார்க்க வேண்டியவர்கள் செட்டிபாளையத்து கரி ஸ்பீட்வேயில் நாள் வாங்கிக்கொள்ளட்டும்.

9. பின்பக்க உயரம் மாறினால் ஹெட்லைட்டின் கோணமும் மாறும். அதைச் சரிசெய்யுங்கள். சில பழைய கார்களில் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு, பின் ஆக்ஸிலின் உயரத்தைப் பார்த்தே வேலை செய்யும். அதையும் திரும்ப அமைக்க வேண்டும். டார்ஷன் பீமில் பின்சக்கரக் கோணத்தைத் திருக இடமில்லை, ஹப்புக்குப் பின்னால் ஷிம் வைத்துத்தான் திருத்த முடியும்.

10. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆம் பிரிவைப் படித்து வையுங்கள். எந்த மாற்றமானாலும் செய்வதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் கேட்கச் சொல்லுங்கள். கழற்றிய ஸ்பிரிங், ஷாக், புஷ் எல்லாவற்றையும் வண்டி எண் எழுதிச் சாக்கில் கட்டி உரிமையாளரிடமே கொடுங்கள். வண்டியை விற்கும் நாளில் கேட்பார்.