மூக்கு பழகிவிடும்

அன்புள்ள சுமதிக்கு,

உன் குரல் பதிவைக் கேட்டேன். பழக்கூழ் ஆலையில் சேர்ந்து இருபது நாள் ஆகிறது, கம்ப்ரசர் அறைப் பக்கம் போனால் முதல் வாரம் கண் எரிந்தது, இப்போது ஒன்றும் தெரியவில்லை, "பழகிடுச்சு மாமா" என்றாய். நீ சிரித்துக்கொண்டே சொன்ன அந்தக் கடைசிச் சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் "சரி மாமா" என்று வைத்துவிடுவாய்.

கங்காதர நெல்லூரில் நம் வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. நமக்கு வாசனை என்றால் மல்லிகைப்பூ. அங்கே நாற்றமும் 'வாசன'தான். ஆலையில் யாராவது "வாசன வஸ்தா உந்தி" என்றால் பூக்காரி வருகிறாள் என்று நினைத்துக்கொள்ளாதே. அதைச் சொல்கிறவர் பெரும்பாலும் அன்றைக்குத்தான் வேலைக்கு வந்தவராக இருப்பார். பழைய ஆட்கள் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்குத் தெரியாது.

எனக்கும் தெரிந்ததில்லை. காசிமேட்டில் ஓர் ஐஸ் பேக்டரியில் ஆபரேட்டராக இருந்தபோது, டீ கொண்டுவந்த பையன் ஒருநாள் கம்ப்ரசர் அறை வாசலிலேயே தம்ளர்களைப் போட்டுவிட்டு, கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடினான். நான் உள்ளே நின்று சிரித்தேன். பிறகு ஏதோ தோன்றி சல்பர் குச்சியைக் கொளுத்தி வால்வு பக்கம் காட்டினேன். வால்வுத் தண்டைச் சுற்றி வெள்ளைப் புகை கொத்தாக எழும்பியது. அமோனியா கசிந்தால் கந்தகப் புகையோடு சேர்ந்து அப்படித்தான் வெளுக்கும். எவ்வளவு நேரமாகக் கசிந்ததோ, நான் அதற்குள்ளேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூக்கு புதிதாக வருவதைத்தான் சொல்லும். அங்கேயே இருப்பதைச் சொல்லாது. அமோனியாவைப் பத்து லட்சம் பங்கு காற்றில் ஐந்து பங்கு, அதாவது 5 பிபிஎம் அளவிலேயே பலரால் முகர முடியும். ஆனால் தினமும் முகர்கிறவருக்கு 25-கூட உறைக்காமல் போகலாம். அந்த 25-தான் நம் சட்டம் போட்ட வரம்பு. மூக்கு கைவிடும் இடமும் சட்டம் கோடு போட்ட இடமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்.

உன் ஊருக்குத் தொலைவில் இல்லாத கதை ஒன்று. 2020 ஆகஸ்ட் 20 அன்று பூதலப்பட்டு மண்டலம் பண்டபல்லி அருகே ஒரு பால் ஆலையில் அமோனியா கசிந்தது. குறைந்தது பதினான்கு தொழிலாளர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அத்தனை பேரும் பெண்கள். விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் கசிந்து பன்னிரண்டு பேர் இறந்து அப்போது நான்கு மாதம்கூட ஆகவில்லை. 2024 ஜூலையில் தூத்துக்குடி புதூர் பாண்டியாபுரம் மீன் ஆலையிலும் அமோனியாதான், மயங்கியவர்களும் பெண்கள்தான். பால், மீன், மாம்பழம் எதுவானாலும் குளிர வைக்க அமோனியா வேண்டும், தரம் பிரிக்கவும் பொட்டலம் கட்டவும் பெண்கள் வேண்டும். குழாய் எந்தச் சுவருக்குப் பின்னால் ஓடுகிறது என்று அவர்களுக்கு யாரும் காட்டுவதில்லை.

இனி எண்களுக்கு வருகிறேன். டிப்ளமா படித்தவள், பயப்பட மாட்டாய்.

போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987-ல், 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். 41-எஃப் பிரிவும் இரண்டாம் அட்டவணையும் அப்போது வந்தவை. எந்த ரசாயனம் வேலையிடத்துக் காற்றில் எவ்வளவு இருக்கலாம் என்ற பட்டியல் அது. அமோனியாவுக்கு எட்டு மணி நேரச் சராசரி 25 பிபிஎம். பதினைந்து நிமிடத்துக்கு மட்டும் 35 வரை போகலாம், அதுவும் ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் கூடாது, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இப்போது சட்டங்களைத் தொகுத்துப் புதிதாக எழுதியிருக்கிறார்கள். எந்தப் பெயரில் வந்தாலும் எண்ணுக்கு அடியில் உள்ள கணக்கு இதுதான்.

சராசரி என்ற சொல்லில் ஒரு சூது இருக்கிறது. ஏழரை மணி நேரம் நீ 10 பிபிஎம் காற்றில் இருக்கிறாய், மிச்ச அரை மணி நேரம் கம்ப்ரசரில் எண்ணெய் வடிக்கும்போது பக்கத்தில் நிற்கிறாய், அங்கே 200 என்று வைத்துக்கொள். எட்டு மணி நேரத்துக்குப் பங்கிட்டால் 22 வரும். 25-க்குள் அடங்கிவிட்டது என்று பதிவேட்டில் பச்சை மையால் எழுதலாம். அந்த அரை மணியில் உன் தொண்டை பட்ட பாடு அந்த 22-ல் எங்கேயும் தெரியாது. அதனால் யாராவது சராசரியைக் காட்டினால், பதினைந்து நிமிட அளவு எங்கே என்று கேள். கருவியை எங்கே வைத்தார்கள் என்றும் கேள். வேலை செய்கிறவரின் சட்டைக் காலரில், மூக்கிலிருந்து ஒரு சாணுக்குள் மாட்ட வேண்டும். ஜன்னலோரத்தில் வைத்து எடுத்த அளவு ஜன்னலின் அளவு.

அடுத்தது சீசன். தோத்தாபுரி வந்து குவியும் ஜூன், ஜூலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் போடுவார்கள். வரம்பு எழுதப்பட்டது எட்டு மணி நேரத்துக்கு. வேலை நீண்டால் உள்ளே போவது கூடுவதோடு, உடம்பு வெளியேற்றக் கிடைக்கும் ஓய்வும் குறைகிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் ஒரு முறை இருக்கிறது, பிரீஃப், ஸ்காலா என்ற இருவர் 1975-ல் சொன்னது. அதன்படி பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வரம்பைப் பாதியாக்க வேண்டும். 25 பன்னிரண்டரை ஆகிவிடும். சீசனில் யாராவது வரம்பைத் திருத்துகிறார்களா, பார்த்துச் சொல்.

என்னை நீண்ட நாளாக உறுத்தும் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில், உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மீனவக் குடும்பங்கள் நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடின. ஆலை வாசலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்த அளவு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம். ஊர்க் காற்றுக்கு 24 மணி நேர வரம்பு 400. ஐந்து மடங்கு என்று பத்திரிகைகள் எழுதின. அந்த 2,090-ஐ பிபிஎம்மில் போட்டால் வெறும் 3. ஆலைக்குள் அதே காற்று வீசினால் வரம்பில் எட்டில் ஒரு பங்கு, எந்த மணியும் அடிக்காது. (அது ஓரிடத்தில் ஒரு நேரத்தில் எடுத்த அளவு, குழாய்க்கருகே இருந்தவர்கள் எவ்வளவு இழுத்தார்கள் என்பதை அது சொல்லாது.) ஆலைக்குள் அனுமதிக்கும் 25 பிபிஎம் என்பது 18,000 மைக்ரோகிராம், ஊர் வரம்பைப் போல நாற்பத்தைந்து மடங்கு.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஊர் வரம்பு கைக்குழந்தைக்கும் ஆஸ்துமாக்காரருக்கும், இரவும் பகலும். வேலையிட வரம்பு திடமான ஒரு பெரியவருக்கு, எட்டு மணி நேரத்துக்கு, பிறகு வீட்டுக்குப் போய் நல்ல காற்று வாங்குவார் என்ற நம்பிக்கையில். ஆனால் உன் பக்கத்தில் பொட்டலம் கட்டுகிற அக்காவுக்கு இழைப்பு இருக்கலாம், இன்னொருத்தி மாசமாக இருக்கலாம். அட்டவணை மனதில் வைத்திருக்கும் அந்தத் திடமான ஆளை நான் முப்பது வருஷத்தில் இரண்டு மூன்று பேரிடம்தான் பார்த்திருக்கிறேன். இந்த வகைப் பட்டியலை 1946-லிருந்து போட்டுவரும் அமெரிக்க அரசுத் தொழில் சுகாதார நிபுணர்கள் அமைப்பே (ACGIH), இது ஆபத்தையும் பத்திரத்தையும் பிரிக்கும் கோடு இல்லை என்று சொல்லித்தான் எண்களைத் தருகிறது. நம்மிடம் வரும்போது எண் மட்டும் வருகிறது, அந்த எச்சரிக்கை வழியில் எங்கோ விழுந்துவிடுகிறது.

அமோனியாவைக்கூட ஒருவகையில் நல்லவன் என்பேன், குத்திவிட்டுத்தான் உள்ளே வரும். ஆலையின் பின்பக்கம் கழிவுநீர்த் தொட்டி இருக்கிறதே, அங்கே மாம்பழக் கழிவு அழுகி வருவது ஹைட்ரஜன் சல்பைடு. முதலில் அழுகிய முட்டை நாற்றம். 100 பிபிஎம்மை எட்டினால் மூக்கு நரம்பு செத்ததுபோல் ஆகி, நாற்றமே நின்றுவிடும். அதற்குச் சட்ட வரம்பு வெறும் 10. நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைக்கிற இடம்தான் கொல்லும் இடம். 2018 பிப்ரவரியில் பலமநேர் அருகே மொரம் கிராமத்துக் கோழிக்குஞ்சுப் பண்ணையில் கழிவுத்தொட்டி சுத்தம் செய்யப்போய் ஏழு பேர் இறந்தார்கள். இறங்கியவரைத் தூக்க இன்னொருவர், அவரைத் தூக்க மற்றொருவர். அந்தத் தொட்டியில் யார் விழுந்தாலும், நம் வீட்டு ஆளே விழுந்தாலும், மூச்சுக் கருவி இல்லாமல் நீ எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. இதில் மட்டும் மாமா கண்டிப்பாகச் சொல்கிறேன்.

கொரோனாக் கால முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு கம்ப்ரசர் அறைக்குப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். அது தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. அமோனியாவுக்கென்று தனிக் கேட்ரிட்ஜ் உண்டு. அதுவும் சிறு கசிவில் வெளியே ஓடுவதற்குத்தான். 300 பிபிஎம்மை எட்டினால் உயிருக்கே ஆபத்து. முதுகில் உருளை கட்டிய மூச்சுக் கருவி உள்ளவர்களைத் தவிர யாரும் நிற்கக் கூடாது. பெரிய கசிவு வந்தால் காற்றுப்பை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து, வாயுவுக்குக் குறுக்காக விலகி, காற்று வரும் திசைக்கு ஏறு. அமோனியா காற்றைவிட லேசு, மேலே போய்விடும் என்று புத்தகத்தில் படித்திருப்பாய். குழாயிலிருந்து திரவமாகச் சீறினால் குளிர்ந்த வெள்ளைப் பனியாகத் தரையோடு தவழும். தண்ணீரில் உடனே கரையும் என்பதால் நனைத்த துண்டை முகத்தில் கட்டிக்கொள். கண்ணில் பட்டால் குழாயடியில் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டே இரு, ஆஸ்பத்திரி அதற்குப் பிறகு.

காற்றை அளந்த பதிவேட்டையும் உன் உடல் பரிசோதனைத் தாளையும் கேட்க உனக்கு உரிமை உண்டு. பழைய சட்டத்தில் இருந்தது, உடல்நலம் பற்றிய தகவலைக் கேட்கும் உரிமை புதிய தொகுப்பிலும் இருக்கிறது. சண்டைக்குப் போகிற மாதிரிக் கேட்காதே. புதிதாகச் சேர்ந்தவள், கற்றுக்கொள்கிறேன் என்று சூப்பர்வைசர் காருவிடம் கேள். அப்படிக் கேட்டால் நானே காட்டியிருப்பேன். காட்ட ஒன்றும் இல்லாததால் முகம் சிவப்பவர்களும் உண்டு, அதையும் குறித்துக்கொள்.

பதில் எழுதும்போது இரண்டு விஷயம் வேண்டும். கம்ப்ரசர் அறையின் பின்கதவு உள்பக்கம் திறக்கிறதா, வெளிப்பக்கமா? ராத்திரி ஷிப்டில் அதற்குப் பூட்டுப் போடுகிறார்களா?

அன்புடன்,
மாமா