சர்வர் வாங்கும் முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி



சென்ற மாதம் அஸ்தினாபுரம் அலுவலகத்தில் நடந்த செயற்குழுவில் ஒரு கொட்டேஷனைப் படித்துக் காட்டினோம். கூட்டமைப்பின் கணக்கை டேலி ஈஆர்பி 9-ல் இருந்து டேலி பிரைமுக்கு மாற்றப் போகிறோம், அதற்கு ஒரு சர்வர் வேண்டும் என்று கேட்டிருந்தோம். இரண்டு புராசஸர், 64 ஜிபி ராம், சர்வர் விண்டோஸ் லைசென்ஸ் என்று ஒரு பக்கம் நிறைய எழுதிக் கொடுத்திருந்தார்கள். படித்து முடித்ததும் யாரும் பேசவில்லை. கடைசியில் பொருளாளர் அக்காதான் கேட்டார்: "இதெல்லாம் சரிங்க மேடம், இது ஒரு நாள் நின்னு போச்சுன்னா நம்ம கணக்கு என்ன ஆகும்?"

அந்தக் கொட்டேஷனில் அதற்கு ஒரு வரி கூட இல்லை. எங்களுக்கும் உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால் இந்த மாதப் பாடத்துக்கு அவர் கேள்வியையே எடுத்துக்கொண்டோம்.

முதலில் சர்வர் என்றால் என்ன? பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. நம் குழுவில் தீர்மான நோட்டும் ரொக்கப் பேரேடும் ஒரு பீரோவில் இருக்கும், வேண்டியவர்கள் எடுத்து எழுதிவிட்டுத் திரும்ப வைப்போம். பலர் பயன்படுத்தும் கணக்கை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர்தான் சர்வர்.

இப்போது ஏன் மாற்ற வேண்டும் என்று சிலர் கேட்டீர்கள். ஈஆர்பி 9 வந்தது 2009-ல். அதற்கு அடுத்ததாக டேலி பிரைம் 2020 நவம்பரில் வந்தது. நம் பழைய கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். நம்முடையதில் அது இல்லை. எனவே புது இயந்திரம் தேவைதான். எந்த மாதிரி என்பதில்தான் கவனம் வேண்டும்.

ஒரே நேரத்தில் எத்தனை பேர் கணக்கு போடுகிறோம்? எண்ணிப் பார்த்தோம். சாதாரண நாளில் மூன்று பேர், ஆடிட் சமயத்தில் ஐந்து பேர். டேலியில் ஒருவர் மட்டும் பயன்படுத்த சில்வர், அலுவலகத்தில் பலர் சேர்ந்து பயன்படுத்த கோல்டு என்று லைசென்ஸ் உண்டு. நமக்கு கோல்டு வேண்டும். அதில் கணக்கு போடும் வேலையை அவரவர் கம்ப்யூட்டரே செய்கிறது, நடுவில் இருப்பது ஃபைல்களை எடுத்துக் கொடுக்கிறது. அப்படியென்றால் நடுவில் இருப்பதற்கு இரண்டு புராசஸர் எதற்கு? ஒரு நல்ல புராசஸர், 16 ஜிபி ராம் போதும். சாதாரண விண்டோஸ் 11-லேயே 20 கம்ப்யூட்டர்கள் வரை ஃபைலைப் பகிரலாம். நம் ஐந்து பேருக்காக சர்வர் விண்டோஸ் வாங்கி, அதற்கு ஆளுக்கொரு அனுமதி லைசென்ஸும் தனியாக வாங்க வேண்டியதில்லை. ஐம்பது பேர் வேலை செய்யும் கம்பெனிக்கு அந்தக் கொட்டேஷன் சரியாக இருக்கலாம். அங்கே போட்டதையே நமக்கும் போட்டுவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

சேமிக்கும் காசை எங்கே போடுவது? டிஸ்கில். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் பட்டிருக்கிறோம்.

சில வருடங்களுக்கு முன் நம் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் ஒரு திங்கட்கிழமை காலையில் டக் டக் என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. பேக்கப் எடுத்திருந்தோம், ஆனால் அது மூன்று மாதம் பழையது. ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் பாஸ்புத்தகங்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு சேமிப்பையும், ஒவ்வொரு உள்கடன் தவணையையும் திரும்ப எழுதினோம். அந்த நேரத்தில் வங்கிக் கடனுக்கு மனு போட்டிருந்த குழுக்களுக்குக் கணக்கறிக்கை கொடுக்க முடியாமல் தள்ளிப்போனது. பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் அது. பீஸ் கட்ட வட்டிக்கு வாங்கியவர்கள் நம்மில் இருக்கிறார்கள். எங்களைத் திட்டியவர்கள் மேல் தப்பில்லை.

ஆகவே புது இயந்திரத்தில் ஒரே அளவுள்ள இரண்டு எஸ்எஸ்டி டிஸ்க் வேண்டும். ஒன்றில் எழுதுவது அப்போதே மற்றொன்றிலும் எழுதப்படும். இதற்கு ரெய்டு 1 என்று பெயர். ஒன்று செத்தாலும் மற்றது ஓடும், நாம் வேலையை நிறுத்தாமல் புது டிஸ்க் மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் கவனியுங்கள், ரெய்டு என்பது பேக்கப் இல்லை. கடைகளில் இரண்டையும் ஒன்று போலப் பேசுகிறார்கள். யாராவது தவறுதலாக ஒரு வருடக் கணக்கை அழித்துவிட்டால் இரண்டு டிஸ்கிலும் சேர்ந்தே அழியும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவி, ஃபைல்களைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டது. அப்படி ஒன்று வந்தாலும் இரண்டும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும். அதனால் தனியாக இரண்டு வெளி டிஸ்க் வாங்குகிறோம். தினமும் மாலை ஒன்றில் பேக்கப் எடுத்துக் கழற்றி வைக்க வேண்டும். மற்றொன்று வாரம் ஒரு முறை மாற்றி, அலுவலகத்துக்கு வெளியே, தலைவியின் வீட்டில் இருக்கும்.

வீட்டில் எதற்கு என்று கேட்பவர்கள் 2015 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். டிசம்பர் 1-ம் தேதி காலையிலிருந்து 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. முடிச்சூர் பக்கம் வீடுகள் மூழ்கின. அடுத்த வருடம் டிசம்பர் 12-ல் வர்தா புயல், கரண்ட் பல நாள் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம். நம் பக்கத்தில் ஏரிகள் அதிகம், தண்ணீர் எப்போது தெருவுக்கு வரும் என்று சொல்ல முடியாது. கம்ப்யூட்டரைத் தரையில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுவோம். மேசை உயரத்துக்கு மேல் ஒரு ஸ்டாண்டு அடித்து அதில் வைக்க வேண்டும். எறும்பு, பல்லி உள்ளே போகாத இடமாகவும் பாருங்கள். சிரிக்க வேண்டாம், சர்வீஸ் செய்பவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

கரண்ட் விஷயத்தில் யுபிஎஸ் இல்லாமல் சர்வர் வாங்கவே கூடாது. டேலி எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் ஃபைலே கெட்டுப்போகலாம். பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கினால் போதும், அதற்குள் எல்லோரும் ஒழுங்காக மூடிவிடலாம். சர்வரை இணைக்கும் நெட்வொர்க் பெட்டியும் அதே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். வைஃபை வேண்டாம், ஒயர்தான் நல்லது. பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டி வரும், அதைப் பட்ஜெட்டில் இப்போதே எழுதுங்கள்.

ரிச்சி தெருவில் பெரிய கம்பெனிகள் கழித்த சர்வர் குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்று ஒரு சகோதரியின் மகன் சொன்னார். உண்மைதான். ஆனால் 300 வாட் இழுக்கும் பெட்டி இரவு பகலாக ஓடினால் மாதம் 216 யூனிட். 100 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் அலுவலக நேரம் ஒன்பது மணி மட்டும் ஓடினால், 26 நாளுக்கு 24 யூனிட் கூட ஆகாது. விலையில் மிச்சம் பிடித்ததை மின்கட்டணத்தில் விட்டுவிடுவோம். வாரண்டியும் இருக்காது.

சர்வரே இல்லாமல் இன்டர்நெட் மூலம் வேறிடத்தில் கணக்கு வைக்கலாமா? வைக்கலாம். நபார்டு 2015-ல் தொடங்கிய இ-சக்தி திட்டத்தில் குழுக்களின் கணக்கு அப்படித்தான் ஏறியது. 2022 ஜூனில் மத்திய அரசு 63,000 தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்க அனுமதித்தபோதும், பொதுவான ஒரே சாஃப்ட்வேர் என்றுதான் முடிவு செய்தார்கள். ஆனால் மாதா மாதம் வாடகை உண்டு, நெட் இல்லாத நாளில் கை கட்டி உட்கார வேண்டும். நம் அளவுக்கு இப்போது சொந்த இயந்திரமே சரி என்பது எங்கள் கருத்து. கருத்து வேறாக இருந்தால் கூட்டத்தில் சொல்லுங்கள்.

இந்த விவரங்களோடு மூன்று கடைகளில் புதிதாகக் கொட்டேஷன் கேட்டிருக்கிறோம். மூன்று வருட வாரண்டி, பழுது வந்தால் நம் அலுவலகத்துக்கே வந்து பார்க்க வேண்டும், எத்தனை நாளில் வருவார்கள் என்று எழுத்தில் தர வேண்டும் என்று கேட்டுள்ளோம். பழைய கணக்கை மாற்றும் முன் முழு நகல் ஒன்று எடுத்து, தேதி எழுதி பீரோவில் பூட்டுவோம்.

அடுத்த கூட்டத்துக்குக் கணக்காளர்கள் கடைசியாக எடுத்த பேக்கப் டிஸ்கைக் கொண்டு வாருங்கள். அதை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, ஏதாவது ஒரு குழுவின் சேமிப்பு இருப்பு பாஸ்புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று எல்லோர் முன்னாலும் பார்க்கப் போகிறோம். எந்தக் குழு என்று பொருளாளர் அக்கா சீட்டு எடுத்துச் சொல்வார்.