கொழுந்துக்கும் காற்று வேண்டும், காம்பராவுக்கும் காற்று வேண்டும்

பன்வில, மடுல்கெலப் பக்கத்துத் தோட்டங்களுக்கு நாம் போகும்போதெல்லாம் மழைக்காலத்தில் ஒரே கேள்வி வரும். "நாங்க நனைஞ்சுகிட்டு எடுக்கிற கொழுந்துல ஏன் இத்தனை கிலோ வெட்டுறாங்க? ஸ்டோருக்குள்ள போனதும் அது என்னதான் ஆவுது?" கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஸ்டோரில் வேலை செய்யும் ஆண்கள் வேறு ஒன்றைக் கேட்பார்கள். "விறகு அள்ளி அள்ளிப் போடுறோம், கொழுந்து வாட மாட்டேங்குதே, ஏன்?" இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. சூடும் காற்றும் சேர்ந்து தண்ணீரை எப்படித் தூக்கிக்கொண்டு போகின்றன என்பதே அது. இதையே இந்த இதழின் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். கடைசியில் லயத்துக் காம்பராவுக்கும் வருவோம். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் அங்கேதான் இருக்கிறது.

பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு 75 முதல் 80 வரை தண்ணீர்தான். 78 என்று வைத்துக் கணக்குப் போடுவோம். 1000 கிலோ கொழுந்தில் 780 கிலோ தண்ணீர், 220 கிலோ மட்டுமே சரக்கு. மாடியில் வாட்டி ஈரத்தை 55 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் நிறை 489 கிலோவாகும். அதாவது 511 கிலோ தண்ணீர் மாடியிலேயே போய்விட வேண்டும். பிறகு ரோதையில் அரைபட்டு, புளித்து, டிரையரில் காய்ந்து 3 சதவீத ஈரத்தோடு வெளியே வரும்போது 227 கிலோ தேயிலை. டிரையரில் போவது 262 கிலோ தண்ணீர். பாருங்கள், கண்ணுக்குத் தெரியும் நெருப்பு டிரையரில்தான். ஆனால் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீரைச் சத்தமில்லாமல் இழுப்பது மாடி.

பழைய காலத்தில் மாடி முழுவதும் சாக்குத் தட்டுகள் கட்டி, கொழுந்தை மெல்லியதாகத் தூவி வைத்தார்கள். நம் பாட்டிமாருக்கு அது நினைவிருக்கும். இப்போது 'ட்ரஃப்' எனும் நீண்ட தொட்டி. அடியிலே வெறும் காற்றறை, மேலே கம்பி வலை, வலையின் மேல் கொழுந்து, ஒரு முனையில் பெரிய விசிறி. விசிறி தள்ளும் காற்று கொழுந்துக்குள் புகுந்து மேலே ஏறிப் போகிறது.

காற்று எவ்வளவு தண்ணீரைத் தூக்கும்? அதைச் சொல்லவே மாடியின் சுவரில் இரண்டு வெப்பமானிகளைச் சேர்த்து மாட்டியிருக்கிறார்கள். ஒன்றின் குமிழில் ஈரத் திரி சுற்றியிருக்கும். காற்று உலர்வாக இருந்தால் திரியில் உள்ள ஈரம் ஆவியாகி, அந்தக் குமிழ் குளிரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே காற்றின் தாகம். நமது மலையின் உயரத்தில் ஒரு கன மீற்றர் காற்று, வித்தியாசத்தின் ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 0.45 கிராம் தண்ணீரை எடுத்துக்கொள்ளும். 3 பாகை வித்தியாசம் என்றால் 1.35 கிராம். அவ்வளவுதான், ஒரு சிட்டிகை உப்பு அளவு. 511 கிலோவை இப்படிச் சிட்டிகை சிட்டிகையாகத் தூக்க 3,80,000 கன மீற்றர் காற்று வேண்டும். 12 மணி நேரத்தில் முடிக்க வேண்டுமானால் நிமிடத்துக்கு 525 கன மீற்றர். ஒரு கிலோ கொழுந்துக்கு நிமிடத்துக்கு அரைக் கன மீற்றருக்குச் சற்று மேல் என்று நினைவில் வைத்தால் போதும். இது எல்லாம் சரியாக நடந்தால் வரும் கணக்கு. நடைமுறையில் காற்று முழுதாக நனையாமலே வெளியே போகும், ஆகவே இன்னும் கொஞ்சம் கூடத்தான் வேண்டும்.

இப்போது நக்கிள்ஸ் மலையிலிருந்து மூடுபனி இறங்கி ஸ்டோரைச் சூழ்ந்த ஒரு நாளை நினையுங்கள். வித்தியாசம் 1 பாகைதான். அதே விசிறி, அதே கொழுந்து. கணக்குப் போட்டால் 36 மணி நேரம் ஆகும். அதுவரை கொழுந்து தாங்குமா? சிவந்து, நாறி, குப்பைக்குத்தான் போகும். அதனால்தான் சூடு கொடுக்கிறார்கள்.

சூட்டிலும் ஓர் அளவு இருக்கிறது. காற்றை 3 பாகை சூடாக்கினால் ஈரக்குமிழும் கொஞ்சம் ஏறும், ஆகவே வித்தியாசம் 2 பாகைதான் கூடும். 3 பாகை வித்தியாசம் 5 ஆனால் 12 மணி நேர வேலை ஏறக்குறைய 7 மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு எவ்வளவு விறகு? நிமிடத்துக்கு 525 கன மீற்றர் காற்றை 3 பாகை ஏற்ற 29 கிலோவாட் வெப்பம் வேண்டும். காய்ந்த விறகு கிலோவுக்கு 15 மெகாயூல் தரும். அடுப்பில் நூற்றுக்கு 60 பங்கு காற்றுக்குச் சேர்ந்தால், மணிக்கு 11 அல்லது 12 கிலோ விறகு. பச்சை விறகைப் போட்டால் அதன் வெப்பம் விறகின் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே செலவாகும், பலன் பாதிக்கு இறங்கும். "அள்ளி அள்ளிப் போடுறோம்" என்ற நண்பருக்கு நாம் முதலில் சொல்வது, விறகுக் கொட்டிலுக்குக் கூரை இருக்கிறதா என்று பாருங்கள் என்பதே.

கேஸ் வைத்தால் என்ன என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. குளிர் நாடுகளில் வீட்டையும் பண்டசாலையையும் சூடாக்க, காற்றுக் குழாயின் நடுவிலேயே கேஸ் அடுப்புப் பெட்டியைப் பொருத்துகிறார்கள். அஸ்ஸாமில் எண்ணெய்க் கிணற்றோடு வரும் இயற்கை வாயுவைத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் கொடுக்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. மேலே சொன்ன அதே வேலைக்கு சிலிண்டர் கேஸ் மணிக்கு 2.8 கிலோ பிடிக்கும். 12.5 கிலோ சிலிண்டர் நாலரை மணி நேரம் தாங்கும், ஒரு தொட்டிக்கு ஒரு இரவுக்கு ஒன்றரை சிலிண்டருக்கு மேல் போகும். 2022ஆம் ஆண்டு சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறியபோது நம் ஸ்டோர்கள் எண்ணெய் அடுப்பை விட்டு விறகுக்கு வந்ததும் இப்படித்தான்.

எரிபொருள் எதுவானாலும் அடுப்பைப் பொருத்தும் விதி ஒன்றுதான். நெருப்பின் புகை வேறு வழி, கொழுந்துக்குப் போகும் காற்று வேறு வழி. இரண்டுக்கும் நடுவே இரும்புக் குழாய்ச் சுவர். விசிறி அடுப்புக்கு முன்னால் நின்று காற்றைத் தள்ளினால், குழாய் வெடித்தாலும் நல்ல காற்று நெருப்புப் பக்கம் கசியும். விசிறி அடுப்புக்குப் பின்னால் நின்று இழுத்தால், வெடிப்பு வழியாகப் புகையை உறிஞ்சித் தேயிலைக்குள் கொண்டுபோகும். தேயிலையில் புகைவாசம் என்று ஏலத்தில் விலை குறைத்தால் இந்தக் குழாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்தப் புகை, பக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் நெஞ்சுக்குள்ளும் போயிருக்கும் என்பதைச் சொல்ல ஏலத்தில் ஆளில்லை.

காற்று வழியை நெருக்கக் கூடாது. 1.2 மீற்றர் அகல விசிறியின் வாயில் நமது 525 கன மீற்றர் செக்கனுக்கு 7.7 மீற்றர் வேகத்தில் போகும். வாயை மூட்டைகளால் பாதி அடைத்தால் அதே காற்று போக இரண்டு மடங்கு வேகம் வேண்டும், தடையோ நான்கு மடங்காகும். விசிறியால் முடியாது, காற்று குறைந்துவிடும். மாடியின் ஜன்னலைக் குளிருக்குப் பயந்து சாத்துவதும் அப்படியே. நனைந்த காற்று வெளியே போகாமல் சுற்றிச் சுற்றி வரும். சூடான காற்று விசிறிக்கு முன்பே கலக்க வேண்டும். ஒரு பக்கமாக வந்து சேர்ந்தால் தொட்டியின் ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் பச்சையாகவே இருக்கும். 32 பாகைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. கொழுந்தைத் தூவுவதும் சாதாரண வேலையில்லை. 20 மீற்றர் நீளம், 1.8 மீற்றர் அகலத் தொட்டியில் 1000 கிலோ என்றால் சதுர மீற்றருக்கு 28 கிலோ. கட்டியாக ஓரிடம், மெல்லியதாக ஓரிடம் என்று தூவினால் காற்று மெல்லிய இடத்தைத் தேடிப் போய்விடும். கையை நீட்டிப் பார்த்தாலே எங்கே ஓட்டை என்று தெரியும்.

ஒரு ஸ்டோரில் நாம் கண்டதைச் சொல்ல வேண்டும். இரண்டு வெப்பமானியும் ஒரே அளவைக் காட்டின. "மழைங்க ஐயா, காத்து ஊறிப் போச்சு" என்று சொல்லி அடுப்பை எரித்துக்கொண்டிருந்தார்கள். கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தால் திரி காய்ந்து கிடந்தது, தண்ணீர்க் குப்பியில் சிலந்தி. வெளியே நல்ல வெயில். கொழுந்து கையில் எடுத்தால் சருகு போல் நொறுங்கியது. திரியை மாற்றி மழைத் தண்ணீர் ஊற்றியதும் வித்தியாசம் 4 பாகை காட்டியது. எவ்வளவு விறகு வீணாகப் போயிருக்கும்!

இனி மழை நாள் வெட்டு. மேலே ஒட்டிய மழைத் தண்ணீர் கொழுந்தின் நிறை இல்லை, அது உண்மை. 1000 கிலோ கொழுந்தோடு 150 கிலோ மழைத் தண்ணீர் வந்தால் அதை மட்டும் போக்க, 3 பாகை வித்தியாசத்தில் விசிறி மூன்றரை மணி நேரம் ஓட வேண்டும். ஆகவே கழிப்பது நியாயம். எவ்வளவு கழிப்பது என்பதுதான் கேள்வி. அதை ஊகத்தில் சொல்ல வேண்டியதில்லை. நிறுக்கும் இடத்தில் பல கூடைகளிலிருந்து கலந்து 10 கிலோ எடுத்து, விசிறிக்கு முன்னால் மெல்லியதாகப் பரப்பி, இலையின் மேலே உள்ள துளிகள் போனதும், இலை துவளும் முன்பே, திரும்ப நிறுத்தால் போதும். 8 கிலோ 800 கிராம் என்றால் அன்றைய கழிவு நூற்றுக்கு 12. 20 கிலோ கொண்டுவந்தவருக்கு 2 கிலோ 400 கிராம். தலைவர்மார் கணக்கப்பிள்ளையிடமும் துரையிடமும் சண்டை பிடிக்காமல் கேட்கக்கூடிய காரியம் இது. தராசு அங்கேயே இருக்கிறது. கூடையிலும் சாக்கிலும் அமுக்கி அடைப்பதை நாமும் விட வேண்டும். அமுக்கிய கொழுந்து தன் சூட்டிலேயே வெந்து சிவக்கும், அதற்கு மாடியில் மருந்தில்லை.

டிரையரைப் பற்றிச் சுருக்கமாக. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் ஆரம்பத்தில் தேயிலை செய்தபோது பங்களா விறாந்தையில் கையால் உருட்டி, மண் அடுப்பில் கரி நெருப்பின் மேல் காயவைத்தார்கள். கச்சாரில் தோட்டம் பார்த்த சாமுவேல் டேவிட்சன் என்பவர், நெருப்பின் மேல் நேராகக் காட்டாமல் சூடான காற்றை ஓடவிட்டு உலர்த்தும் இயந்திரம் செய்து, 1881இல் பெல்பாஸ்டில் தொழிற்சாலை தொடங்கினார். பாலைவனத்துச் சுடுகாற்றின் பெயரான 'சிரொக்கோ' என்பதை அதற்கு வைத்தார். அன்றிலிருந்து கொள்கை மாறவில்லை. உள்ளே 90 முதல் 100 பாகைக் காற்று, வெளியே 50 பாகைக்குச் சற்று மேல். பிள்ளைகளைக் கண்டிக்குக் கூட்டிப் போனால் ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய இயந்திரங்களைக் காட்டலாம். அங்கே நிற்பது நம் பாட்டன்மார் ரோதை முனிக்குக் கும்பிட்டு ஓட்டிய இனத்து இயந்திரங்கள்.

இனி லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, எட்டடி உயரம் என்றால் 27 கன மீற்றர் காற்று. பனிக்காலத்தில், முக்கியமாகப் பிள்ளை பெற்ற வீட்டில், தாய்க்கும் குழந்தைக்கும் குளிர் படக்கூடாது என்று சட்டியில் தணல் அள்ளி வைத்து, கதவைச் சாத்தி, ஜன்னல் இடுக்கில் சாக்கும் துணியும் அடைக்கிறார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் தணல் புகையாது, அதனால் ஆபத்தில்லை என்று நினைப்பது பெரிய தவறு. காற்றுப் போதாமல் எரியும் கரி, காபனோரொட்சைட்டு என்ற வாயுவைக் கக்கும். நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது. அரைக் கிலோ கரியில் பத்தில் ஒரு பங்கு இப்படி எரிந்தாலே 117 கிராம் வாயு. அடைத்த காம்பராவில் அது நூற்றுக்கு 0.4 பங்கு. அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் உயிரை எடுக்கக்கூடிய அளவு அது. முதலில் தலைவலி, பிறகு தூக்கம் போல ஒரு மயக்கம். பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் அதே மயக்கம், ஆகவே எழுப்ப ஆளிருக்காது.

தணல் சட்டியை வெளியே வைத்துக் கல்லையோ செங்கல்லையோ சூடாக்கித் துணியில் சுற்றிக் கட்டிலின் கால்மாட்டில் வையுங்கள். போத்தலில் சுடுதண்ணீரும் அப்படியே. சூடு வரும், வாயு வராது. குழந்தையின் உடம்பில் படாமல் வைக்க வேண்டும். சாம்பிராணி காட்டும் நேரத்தில் கதவு திறந்திருக்கட்டும். அடுப்பும் படுக்கையும் ஒரே காம்பராவில் இருந்தால், அடுப்புக்கு எதிர்ச்சுவரில் தரையோரம் ஒரு கைவழி, அடுப்புக்கு மேலே கூரையோரம் ஒரு கைவழி திறந்திருக்க வேண்டும். கீழே நல்ல காற்று நுழையும், மேலே கெட்ட காற்று போகும். மாடியில் விசிறி செய்யும் வேலையை இங்கே சூடே செய்துகொள்ளும்.

புகைக்குழாய் வைப்பவர்கள் நாலு அங்குலக் குழாய் மலிவு என்று வாங்கிவிடுகிறார்கள். ஆறு அங்குலக் குழாயின் வாய் 28 சதுர அங்குலம், நாலு அங்குலத்தின் வாய் பன்னிரண்டரைதான். பாதிக்கும் குறைவு, கரியும் படிந்துவிடும். குழாய் படுத்துப் போகாமல் நேராக ஏறி, கூரை முகட்டுக்கு மேல் இரண்டடியாவது நிற்க வேண்டும். கீழே நின்றால் ஹுலுகங்கைப் பக்கமிருந்து அடிக்கும் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். கூரைத் தகரத்தைத் துளைத்த இடத்தில் மரம் குழாயைத் தொடாமல் ஒரு சாண் விலகியிருக்கட்டும். கேஸ் வைத்திருக்கும் வீட்டில் தரையோரக் கைவழியை ஒருபோதும் அடைக்காதீர்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். மணம் வந்தால் சுவிச்சைத் தொடாமல், தீக்குச்சி கிழிக்காமல், கதவைத் திறந்து பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு சிலிண்டர் வாயை மூடுங்கள்.

காலையில் தலைவலியோடு ஒரு வீட்டில் எல்லோரும் எழுந்தால், பிறகு வெளியே வந்ததும் சரியாகிவிட்டால், அது பனிக் காய்ச்சல் என்று விட்டுவிட வேண்டாம். அன்றைக்கே அடுப்பையும் கைவழியையும் பாருங்கள், தோட்டத்து டாக்டரிடமும் "ராத்திரி தணல் வைத்திருந்தோம்" என்று மறைக்காமல் சொல்லுங்கள்.