கத்திப் பட்டறையில் வேலை பழகும் பிள்ளைகளுக்கு



பக்ரீத் நெருங்க நெருங்க நம் பகுதிகளில் கத்தி வேலைக்கு ஆள் தேவைப்படும். பழைய கத்திக்குச் சாணை பிடிக்கவும், லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டிப் புதுக் கத்தி அடிக்கவும் பட்டறைக்காரர்கள் கூடுதல் கைகளைத் தேடுவார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் அப்படித்தான் இந்தத் தொழிலுக்குள் நுழைகிறார்கள். ஓரிருவர் அதிலேயே நிலைத்தும் விடுகிறார்கள். இதில் தாழ்வு ஒன்றும் இல்லை. நபித்தோழர் கப்பாப் (ரலி) அவர்கள் மக்காவில் வாள் செய்து பிழைத்த கொல்லர். தாவூத் (அலை) அவர்களுக்கு இறைவன் இரும்பை மிருதுவாக்கிக் கொடுத்ததைக் குர்ஆன் கூறுகிறது.

நமக்கு அது அப்படி மிருதுவாகவில்லை. நம் அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் பட்டறைப் பிள்ளைகளில் பெரிய விபத்தில் சிக்கியவர்கள் குறைவு. சின்னக் காயத்தை மறைத்து வைத்துப் பெரிதாக்கிக்கொண்டவர்களே அதிகம். சீழ் பிடித்த விரல், மூன்று நாள் கசக்கிச் சிவந்த கண், பற்பசை பூசிய தீப்புண். முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "சொன்னா நாளைக்கு வராதேன்னுடுவாரு" என்று மேஸ்திரியைக் காட்டுவார்கள். அல்லது அம்மா பயந்து நிறுத்திவிடுவார் என்பார்கள். ஒரு நாள் கூலிக்குப் பயந்து ஒரு மாதக் கூலியை இழக்கிறார்கள்.

முதலில் கண். ஆறு அங்குலச் சாணைச் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,800 சுற்று சுற்றுகிறது. அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று பொருள். அந்த வேகத்தில் தெறிக்கும் இரும்புத் துகள் கருவிழியில் ஒட்டினால், ஒரு நாளுக்குள்ளேயே அதைச் சுற்றித் துரு வளையம் படிந்துவிடும். பட்டறைகளில் நண்பர் ஒருவர் தீக்குச்சியாலோ கைக்குட்டை நுனியாலோ எடுத்துவிடும் வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். கண்ணைக் கசக்காமல் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போங்கள். 1819-ல் தொடங்கிய அந்த மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. நமக்குப் பேருந்து தூரத்தில் இருக்கிறது. சுத்தியலால் அடிக்கும்போது தெறிக்கும் சில்லு இன்னும் மோசம். அது பெரிய வலி இல்லாமலே கண்ணுக்குள் புகுந்துவிடும். ஆகவே சுத்தியல் வேலையின்போது கண்ணில் பட்டது என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் அங்கேயும் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தக் காந்தம் உள்ளே இருக்கும் இரும்பை நகர்த்திவிடும். படிக்கப் போடும் மூக்குக் கண்ணாடி இதற்குப் பாதுகாப்பு ஆகாது. பக்கவாட்டிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியே தேவை.

அடுத்து, சுழலும் சக்கரம். கையுறை போட்டால் நல்லது என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். துணிக் கையுறையின் ஒரு நூல் சிக்கினால் போதும், விரலும் சேர்ந்து உள்ளே போகும். தொங்கும் ஜிப்பாக் கையும் அப்படித்தான். கழுத்தில் தாயத்துக் கயிறு கட்டலாமா என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாணை முன்னால் அது கழுத்தில் இருக்கக் கூடாது என்பதை நாங்களே சொல்லிவிடுகிறோம். கத்தியைத் தாங்கும் பலகைக்கும் கல்லுக்கும் இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் கத்தி உள்ளே இழுக்கப்படும். கல் தேயத் தேயப் பலகையை நெருக்கி வைக்க வேண்டும். புதுக் கல்லை மாட்டுவதற்கு முன் மரக்கட்டையால் மெல்லத் தட்டிக் கேளுங்கள். கணீரென்று ஒலிக்காவிட்டால் விரிசல் இருக்கிறது. மாட்டிய பிறகு முதல் ஒரு நிமிடம் நேர் எதிரே நிற்காமல் பக்கத்தில் ஒதுங்கி நில்லுங்கள்.

பளபளப்பு ஏற்றும் துணிச் சக்கரம் பார்க்கப் பஞ்சு போல இருக்கும். அனுபவசாலிகள் மிகவும் பயப்படுவது அதற்குத்தான். கத்தியின் கூர் அதற்கு எதிராகத் திரும்பினால் கத்தியைப் பிடுங்கி எறிந்துவிடும். சக்கரத்தின் கீழ்ப்பாதியில், கூர்ப்பக்கம் சுழற்சி போகும் திசையைப் பார்க்கும்படி பிடிக்க வேண்டும். கைப்பிடி பொருத்தும்போது கூர்ப்பக்கத்தில் தடித்த டேப் சுற்றிக்கொள்ளுங்கள். மஸ்ஜிதிலும் சந்தையிலும் அம்போடு நடப்பவர் யார் மீதும் படாதபடி அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் அறிவுரை. உருவிய வாளைக் கைமாற்றுவதையும் அவர்கள் தடுத்திருக்கிறார்கள். மேஜையிலிருந்து நழுவும் கத்தியைப் பிடிக்கப் போகாமல், காலை இழுத்துக்கொண்டு விழ விடுங்கள்.

உலையிலிருந்து வந்த இரும்பு சிவப்பாக இருக்கும்வரை ஆபத்தில்லை, எல்லோரும் விலகி நிற்பார்கள். சிவப்பு மங்கிக் கறுத்த பிறகும் அது பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். கை சுடுவது அப்போதுதான். எண்ணெயில் தோய்க்கும்போது தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, இரும்பு மூடியால் மூட வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் எண்ணெய் வைத்திருக்கும் பட்டறையில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கத்திக்குப் பேர்போன இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், 1840-களில் தண்ணீர் இல்லாமல் மணற்கல்லில் சாணை பிடித்தவர்கள் பலர் நாற்பது வயதைத் தொடவில்லை. நீர் விட்டுத் தீட்டியவர்கள் அவர்களைவிடக் கூடுதல் காலம் இருந்தார்கள். இன்றைய கற்கள் வேறு என்றாலும் இரும்புத் தூளும் கைப்பிடி மரத்தின் தூளும் நெஞ்சுக்கு ஆகாது. முகக்கவசம் இல்லாமல் தேய்க்க வேண்டாம்.

சுட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். பற்பசை, மை, மஞ்சள் எதுவும் வேண்டாம். வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் திறந்து பார்க்காதீர்கள். அரசுத் திட்டத்தில் 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டி.டி. ஊசியில் இரண்டாவதைப் பல வீடுகளில் மறந்துவிடுகிறோம். வேலைக்கு அனுப்பும் முன் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். அல்லாஹ் காப்பாற்றட்டும், விரல் துண்டானால் அதை நேராக ஐஸில் போடாமல், சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைத்து 108-ஐ அழையுங்கள். ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே 1971-ல் தொடங்கிய தனிப் பிரிவு இருக்கிறது.

இளம் வயதினரை முழுப் பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாமல் ஆபத்தான இயந்திரத்தில் நிறுத்தக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. ஆனால் மூன்று பேர், நான்கு பேர் வேலை செய்யும் சந்துப் பட்டறைக்கு அது எட்டவில்லை. ஆகவே அத்தாமார்கள் ஒருமுறை நேரில் போய், சாணை மேல் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். காயம் பட்டால் முதலில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று மேஸ்திரியிடம் பிள்ளையின் முன்னாலேயே கேளுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி வாங்க வசதியில்லாதவர்கள் அஸருக்குப் பின் நம் அலுவலகத்துக்கு வந்தால், இன்ஷா அல்லாஹ், தருகிறோம்.